14 வருடம் பர்னஸ் முன்னால் நின்ற உடம்பு 10 நாளில் மறந்துவிடுமா?

கோவைக்கு வெளியே இரும்பு வார்க்கும் பவுண்டரி ஒன்றில், பர்னஸ் எனும் உருக்கும் உலையில் வேலை பார்க்கும் ஒருவர், டாக்டரான எனக்கு நீண்ட கடிதம் எழுதியிருக்கிறார். வயது 41. கான்ட்ராக்டர் மூலம் சேர்ந்து 14 வருடம் ஆகிறது. வாரத்தில் ஆறு நாள், நாளுக்கு 12 மணி நேரம். ஒரு வாரம் பகல் ஷிப்ட், மறு வாரம் இரவு. சித்திரையில் ஊர்த் திருவிழாவுக்காக 10 நாள் விடுப்பில் போய்விட்டுத் திரும்பியிருக்கிறார். வந்த இரண்டாம் நாள் மத்தியானம், உருகிய இரும்பின் மேல் மிதக்கும் கசடை நீளக் கம்பியால் வழித்துக்கொண்டிருந்தபோது இரண்டு கெண்டைக்காலும் இழுத்துப் பிடித்து, கண் இருட்டிச் சரிந்திருக்கிறார். பக்கத்தில் நின்ற பையன் இடுப்பு பெல்ட்டைப் பிடித்துப் பின்னால் இழுத்திருக்கிறான். அதனால்தான் இந்தக் கடிதத்தை அவரால் எழுத முடிந்தது.

ஆலைப் பதிவேட்டில் 'காலையில் சாப்பிடாமல் வந்ததால் மயக்கம்' என்று எழுதிக் கையெழுத்து வாங்கிக்கொண்டார்களாம். அன்றைக்கு அவர் நான்கு இட்லி சாப்பிட்டிருந்தார். மறுநாள் தானாகவே ஒரு லேபில் ரத்தம் கொடுத்ததில், சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்று காட்டும் கிரியேட்டினின் 1.5, ரத்த அழுத்தம் 150/96. இவ்வளவு நாளும் முதுகுவலிக்கு மருந்துக்கடையில் டைக்ளோஃபினாக் வாங்கி, ஷிப்ட் முடிந்ததும் ஒன்று போடுவது வழக்கம். வேலையில் இருக்கும்போது தாகத்துக்குப் பெரும்பாலும் கலர் சோடா. பகலில் தூக்கம் வருவதில்லை, வீட்டில் எதற்கெடுத்தாலும் எரிந்து விழுகிறேன், மகள் பேசவே பயப்படுகிறாள் என்றும் எழுதியிருக்கிறார். அவரது கேள்விகள் மூன்று. “14 வருஷமாகப் பழகின உடம்பு, அப்புறம் ஏன் விழுந்தேன்? கிட்னி போய்விட்டதா? மகள் பிளஸ் டூ படிக்கிறாள், இந்த வேலையை விடுவதா வேண்டாமா?”

தம்பி, முதல் கேள்வியில் இருந்தே தொடங்குகிறேன். உங்கள் கடிதத்தில் முக்கியமான தகவல் அதற்குள்தான் இருக்கிறது. நீங்கள் அதைப் போகிற போக்கில் சொல்லிவிட்டுப் போய்விட்டீர்கள்.

பழகின உடம்பு

சூட்டுக்கு உடம்பு பழகும் என்பது உண்மை. சூட்டில் தொடர்ந்து வேலை செய்தால் ஒன்று முதல் இரண்டு வாரத்துக்குள் வியர்வை சீக்கிரமே சுரக்கத் தொடங்கும், அதிகமாகச் சுரக்கும், அதில் போகும் உப்பு குறையும். ரத்தத்தில் நீரின் அளவு கூடும். அதே வேலைக்கு இதயம் குறைவாகத் துடித்தாலே போதும். ஆனால் இந்தப் பழக்கம் சைக்கிள் ஓட்டக் கற்றுக்கொண்டது மாதிரி ஆயுசுக்கும் நிற்பதில்லை. சூட்டைவிட்டு விலகிய சில நாட்களிலேயே தளர ஆரம்பித்து, ஒரு வாரம் பத்து நாளில் நன்றாகவே குறைந்துவிடும். கைக்குத் தொழில் மறக்கவில்லை. உடம்புக்குச் சூடு மறந்துவிட்டது. திருவிழா முடிந்து வந்த அன்று நீங்கள் கிட்டத்தட்ட புது ஆள்.

அமெரிக்காவில் தொழிலாளர் உடல்நலத்துக்கென்று இருக்கும் அரசு ஆய்வு நிறுவனமான நியோஷ் இதற்கு ஒரு கணக்கு வைத்திருக்கிறது. சூட்டு வேலைக்குப் புதிதாக வருபவருக்கு முதல் நாள் 20 சதவீத நேரம்தான் சூட்டில் வேலை, பிறகு நாளுக்கு 20 சதவீதமாகக் கூட்ட வேண்டும். உங்களைப் போல முன்பே பழகி, இடைவெளி விட்டு வருபவருக்கு முதல் நாள் 50, இரண்டாம் நாள் 60, மூன்றாம் நாள் 80, நான்காம் நாள்தான் முழு வேலை. தென்னாப்பிரிக்கத் தங்கச் சுரங்கங்களில் 1930-களிலேயே புது ஆட்களைச் சூட்டில் பழக்கிய பிறகுதான் ஆழத்துக்கு அனுப்பினார்கள். நீங்கள் முதல் நாளே முழு ஷிப்ட் நின்றிருக்கிறீர்கள், அதுவும் சித்திரை வெயிலில்.

இன்னொன்று. “ஷெட்டுக்குள் தெர்மாமீட்டர் 38 தான் காட்டியது, ஊரில் அதைவிட அதிகம் பார்த்திருக்கிறேன்” என்கிறீர்கள். சுவரில் மாட்டிய தெர்மாமீட்டர் காற்றின் சூட்டை மட்டும்தான் சொல்லும். உங்களைச் சுடுவது காற்று அல்ல, 1,400 டிகிரிக்கு மேல் உருகிக் கிடக்கும் இரும்பிலிருந்து நேராக வந்து அறையும் அனல். முகத்துக்கு நேரே ஒரு தகட்டைப் பிடித்தால் சட்டென்று குறைகிறதே, அதுதான். அதோடு காற்றில் ஈரம் அதிகம் இருந்தால் வியர்வை காயாது. சொட்டுகிற வியர்வையால் பயனில்லை, காய்கிற வியர்வைதான் உடம்பைக் குளிர்விக்கும். அதனால்தான் சூட்டு வேலையிடத்தை அளக்க ஈரத்துணி சுற்றிய தெர்மாமீட்டரையும், கறுப்பு உருண்டைக்குள் வைத்த தெர்மாமீட்டரையும் பயன்படுத்துகிறோம். கூரைக்குக் கீழே முதலாவதற்கு 70 சதவீதம், இரண்டாவதற்கு 30 சதவீதம் என்று கணக்கிட்டு வருவதை டபிள்யூபிஜிடி என்கிறோம். ஐஎஸ்ஓ 7243 என்ற சர்வதேசத் தரநிலைப்படி, கடினமான உடல் உழைப்புக்கு டபிள்யூபிஜிடி வரம்பு, சூட்டுக்குப் பழகிய உடம்புக்கு 26, பழகாத உடம்புக்கு 23. அதைத் தாண்டினால் ஏதாவது செய்தாக வேண்டும் என்று பொருள். 26 என்றதும் சிரிக்காதீர்கள், இது சுவர் தெர்மாமீட்டரின் 26 அல்ல. அந்த 3 டிகிரி வித்தியாசத்தைத்தான் உங்கள் 10 நாள் விடுப்பு தின்றுவிட்டது.

ஆக, வயதும் காரணம் அல்ல, இட்லியும் காரணம் அல்ல.

ஆறு ஹீட்டும் வீட்டுக் கோபமும்

உங்கள் தொழிலில் ஒரு முறை உருக்கி ஊற்றுவதையே ஒரு 'ஹீட்' என்பீர்கள். ஷிப்டுக்கு ஆறு ஹீட் எடுத்தால் ஊக்கத்தொகை, ஒன்று குறைந்தாலும் எல்லாருக்கும் வெட்டு என்று எழுதியிருக்கிறீர்கள். விழுவதற்கு அரை மணி முன்பே தலை கிறுகிறுத்தது, ஆனாலும் என்னால் மற்ற பசங்களுக்குக் காசு போகக்கூடாது என்று நின்றேன் என்றும் எழுதியிருக்கிறீர்கள். அந்த வரியில் நான் கொஞ்ச நேரம் நின்றுவிட்டேன்.

சூட்டில் வேலை செய்பவனுக்கு இயற்கை ஒரே ஒரு பாதுகாப்பைத்தான் கொடுத்திருக்கிறது: முடியவில்லை என்றால் தள்ளிப்போய் உட்கார். உங்கள் கூலிக் கணக்கு அதைப் பூட்டி வைத்திருக்கிறது. வேலைப் பளு அதிகமாக இருந்து, அதை எப்போது எப்படிச் செய்வது என்று முடிவெடுக்கும் உரிமை குறைவாக இருந்தால் அந்த அழுத்தம் ஆளைச் சாப்பிடும் என்று ராபர்ட் கராசெக் என்ற ஆய்வாளர் 1979-இல் எழுதினார். அதன் பிறகு இதய நோய், மனச்சோர்வு எல்லாவற்றோடும் வைத்து இதை நிறையச் சோதித்துப் பார்த்துவிட்டார்கள். மேசை வேலைக்காரருக்கு அந்த அழுத்தம் மெதுவாக வேலை செய்யும். உங்கள் இடத்தில் அது அரை மணி நேரத்தில் கீழே தள்ளிவிட்டது.

நேரக் கணக்கையும் பாருங்கள். 12 மணி, ஆறு நாள் என்றால் வாரம் 72 மணி நேரம். உலக சுகாதார நிறுவனமும் சர்வதேசத் தொழிலாளர் அமைப்பும் 2021-இல் வெளியிட்ட ஆய்வில், வாரம் 55 மணி நேரமும் அதற்கு மேலும் உழைப்பவர்களுக்கு, 35 முதல் 40 மணி நேரம் உழைப்பவர்களைவிடப் பக்கவாதம் வரும் வாய்ப்பு 35 சதவீதம் கூடுதல். இதய ரத்தக்குழாய் அடைப்பால் சாகும் வாய்ப்பு 17 சதவீதம் கூடுதல். உங்கள் 150/96-ஐ இதோடு சேர்த்துத்தான் நான் படிக்கிறேன்.

இரவு ஷிப்ட் முடித்து காலை எட்டு மணிக்கு வந்து, அஸ்பெஸ்டாஸ் கூரைக்குக் கீழே படுத்தால் பத்து மணிக்கெல்லாம் அறை அடுப்பாகிவிடும். தூக்கம் எங்கிருந்து வரும்? தூங்காதவன் பிள்ளையிடம் எரிந்து விழுவான். உங்களுக்கு ஏதோ குணக்கேடு வந்துவிட்டதாக நினைத்துக் குமைய வேண்டாம். மகளிடம் ஒரு நாள் இதைச் சொல்லியும் விடுங்கள், அவளுக்குப் புரியும். கூரைமேல் வெள்ளை சுண்ணாம்பு அடிப்பது, பகலில் பக்கத்தில் கான்கிரீட் கூரை உள்ள சொந்தக்காரர் வீட்டில் படுப்பது மாதிரி ஏதாவது செய்து தொடர்ந்து ஆறு மணி நேரத் தூக்கத்தையாவது பிடியுங்கள். அதற்கும் மனசு தணியாமல், வாழ்வே வேண்டாம் என்ற நினைப்பு வந்தால் அன்றைக்கே டாக்டரைப் பார்க்க வேண்டும். நேரில் போகத் தயக்கமாக இருந்தால் 14416 என்ற டெலி மானஸ் (அரசின் மனநல உதவி) எண்ணில் எந்நேரமும் தமிழிலேயே பேசலாம்.

கிட்னி போய்விட்டதா?

இந்த ஒரு ரிப்போர்ட்டை வைத்து அப்படிச் சொல்ல முடியாது. 41 வயது ஆணுக்கு 1.5 என்றால் சிறுநீரகத்தின் வடிகட்டும் திறன் தோராயமாக 60. வழக்கத்தைவிடக் குறைவுதான். ஆனால் நீங்கள் ரத்தம் கொடுத்தது விழுந்ததற்கு மறுநாள், உடம்பு வற்றிக் கிடந்தபோது. தசை பிடித்து இழுத்திருந்தால் அதுவும் கிரியேட்டினினைக் கூட்டிக் காட்டும். நிரந்தரக் கோளாறு என்று சொல்ல மூன்று மாதத்துக்கு மேல் அது நீடிக்க வேண்டும். எனவே இரண்டு மூன்று நாள் ஓய்வெடுத்து, நன்றாகத் தண்ணீர் குடித்து, வலி மாத்திரை இல்லாமல், காலையில் மறுபடி கிரியேட்டினின் பாருங்கள். சிறுநீரில் ஆல்புமின் என்ற புரதம் போகிறதா என்றும் பார்க்கச் சொல்லுங்கள். மூன்று மாதம் கழித்து இன்னொரு முறை.

பயப்படாதீர்கள், ஆனால் அலட்சியமும் வேண்டாம். எல் சல்வடோர், நிகராகுவா நாடுகளில் கரும்பு வெட்டும் வாலிபர்கள், சர்க்கரை நோயும் இல்லாமல் ரத்தக் கொதிப்பும் இல்லாமல், சிறுநீரகம் கெட்டு ஆயிரக்கணக்கில் இறந்திருக்கிறார்கள். நாள்தோறும் வற்றுவதும் நாள்தோறும் சூடேறுவதும் அதற்குப் பெரிய காரணம் என்பது இன்று பரவலாக ஏற்கப்பட்ட கருத்து. சென்னை ஸ்ரீ ராமச்சந்திரா நிறுவனத்தின் ஆய்வாளர்கள் தென்னிந்திய உருக்காலைத் தொழிலாளர்களிடமும் உப்பளத் தொழிலாளர்களிடமும் சூட்டுக்கும் சிறுநீரகக் கோளாறுக்கும் உள்ள தொடர்பைப் பதிவு செய்திருக்கிறார்கள். உங்கள் கூட்டாளிகள் இரண்டு பேருக்குக் கல் வந்ததாக எழுதியிருக்கிறீர்களே, அது வெறும் தற்செயலாக இருக்க வேண்டியதில்லை. நீர்க்கடுப்பு வந்தால் 'சூடு பிடித்துவிட்டது' என்று வெந்தயம் ஊறவைத்துக் குடிப்பதிலும் சனிக்கிழமை எண்ணெய் தேய்த்துக் குளிப்பதிலும் எனக்கு ஆட்சேபணை இல்லை. அதோடு விஷயம் முடிந்தது என்று நினைப்பதில்தான் ஆட்சேபணை.

டைக்ளோஃபினாக்கை இன்றைக்கே நிறுத்துங்கள். வற்றிய உடம்பில் சிறுநீரகத்துக்கு ரத்தம் போகும் வழியை அது சுருக்குகிறது. நாளைக்கு டாக்டர் உங்கள் பிபிக்கு டெல்மிசார்டன் வகை மாத்திரையும், நீர் பிரிக்கும் மாத்திரையும் எழுதலாம். அவற்றோடு இந்த வலி மாத்திரையும் சேர்ந்தால் சிறுநீரகத்துக்கு மும்முனை அடி. 'நான் பர்னஸில் நிற்கிறவன்' என்று பிபிக்கு மருந்து எழுதும் டாக்டரிடம் முதல் வாக்கியமாகச் சொல்லுங்கள். நிறையப் பேர் சொல்வதில்லை, டாக்டர்களும் கேட்பதில்லை. சளி, அரிப்புக்குக் கடையில் வாங்கும் சில மாத்திரைகள் வியர்வையையே குறைத்துவிடும், அதையும் கவனியுங்கள்.

குடிப்பதைப் பற்றி: தாகம் எடுத்த பிறகு ஒரு பாட்டில் குடிப்பது சரிப்படாது. 15, 20 நிமிடத்துக்கு ஒரு டம்ளர். ஒரு மணி நேரத்தில் ஒன்றரை லிட்டருக்கு மேல் வேண்டாம், அதுவும் ஆபத்து. இடையிடையே உப்புப் போட்ட நீர்மோர், கஞ்சி, நீராகாரம். மிகவும் வியர்த்த நாளில் ஓஆர்எஸ், பாக்கெட்டில் எழுதியிருக்கும் அளவு தண்ணீரில். கொஞ்சத் தண்ணீரில் கெட்டியாகக் கரைத்துக் குடிக்கக் கூடாது. உப்பு மாத்திரை தேவையில்லை, பிபி இருப்பவருக்கு நிச்சயமாக வேண்டாம். கலர் சோடாவை விடுங்கள். சிறுநீர் இளம் மஞ்சளாக இருக்கிறதா என்று பாருங்கள்; கோலா நிறத்தில் போனால் ஷிப்டை விட்டுவிட்டு நேராக மருத்துவமனை.

வேலையை விடுவதா?

'உடனே விடு' என்று சொல்வது எனக்கு எளிது, உங்களுக்கு இல்லை. இப்போதைக்கு விட வேண்டாம் என்பதே என் கருத்து, ஆனால் பர்னஸ் முன்னால் இருந்து தற்காலிகமாக விலக வேண்டும். மறு பரிசோதனை வரும்வரை மணல் அச்சு, டெஸ்பாட்ச் மாதிரி அனல் நேராகப் படாத பகுதியைக் கேளுங்கள். மூன்று மாதம் கழித்தும் கிரியேட்டினின் இறங்கவில்லை, அல்லது ஆல்புமின் போகிறது என்றால் பர்னஸுக்குத் திரும்பவே கூடாது. அப்போது பேச்சு வேறு.

ஈஎஸ்ஐ (தொழிலாளர் அரசுக் காப்பீடு) டாக்டரிடம் சொன்னால் வேலை போய்விடும் என்று பயப்படுகிறீர்கள். சொல்லாமல் இருப்பதுதான் உங்களைப் பாதுகாப்பில்லாமல் நிறுத்துகிறது. மாதச் சம்பளம் 21,000 ரூபாய் வரை உள்ளவர்கள் ஈஎஸ்ஐக்குள் வருவார்கள். ஓவர்டைம் சேர்த்தால் அதைத் தாண்டுகிறதே என்கிறீர்கள். வரம்பு பார்க்கும்போது ஓவர்டைமைச் சேர்ப்பதில்லை. கான்ட்ராக்ட் ஆள் என்பதாலும் உரிமை போவதில்லை, கான்ட்ராக்டர் கட்டாவிட்டால் ஆலை நிர்வாகம் பொறுப்பு. சந்தா ஒழுங்காகப் போயிருந்தால், டாக்டர் ஓய்வு எழுதிக் கொடுக்கும் நாட்களுக்கு, ஆண்டுக்கு 91 நாள் வரை, சம்பளத்தில் 70 சதவீதம் கிடைக்கும். அந்தப் பணம் பெறும் நாட்களில் ஆளை நீக்குவதை 1948-ஆம் ஆண்டு ஈஎஸ்ஐ சட்டம் 73-ஆம் பிரிவிலேயே தடுத்தது. 2025 நவம்பர் 21 முதல் புதிய தொழிலாளர் சட்டத் தொகுப்புகள் நடைமுறைக்கு வந்திருப்பதால், எழுத்தில் எதையும் கொடுக்கும் முன் ஒரு தொழிற்சங்க வழக்கறிஞரிடம் காட்டிவிடுங்கள். நான் டாக்டர், வக்கீல் அல்ல. பழைய சட்டமானாலும் புதியதானாலும் வாரத்துக்கு 48 மணி நேரம், அதற்கு மேல் போனால் இரட்டைச் சம்பளம் என்பதில் மாற்றமில்லை. உங்கள் 12 மணி நேரத்துக்கு அப்படித்தான் கணக்குப் போடுகிறார்களா என்று சம்பளச் சீட்டை எடுத்துப் பாருங்கள்.

'சாப்பிடாமல் வந்தான்' என்ற பதிவுக்கு என்ன செய்வது? சண்டைக்குப் போக வேண்டாம். என்ன தேதி, எத்தனை மணி, எந்த ஹீட், யார் இழுத்தது, முந்தின நாள் எவ்வளவு நேரம் வேலை என்று உங்கள் கைப்பட எழுதித் தேதியிட்டு, லேப் ரிப்போர்ட்டோடு சேர்த்து வைத்துக்கொள்ளுங்கள். நானே இளம் வயதில் ஒரு ஆலையின் மருத்துவ அறையில் இருந்தபோது இப்படி எழுதச் சொல்லி என்னிடமும் கேட்டார்கள். இரண்டு முறை எழுதியும் கொடுத்தேன். அதனால் சொல்கிறேன், அந்தப் பதிவேட்டின் மதிப்பு எனக்குத் தெரியும்.

பிறகு நாலைந்து பேராக சூப்பர்வைசரிடம் போங்கள். செலவு குறைந்தவற்றை முதலில் கேளுங்கள்: கேட்டுக்குப் பக்கத்தில் இருக்கும் தண்ணீர் கேனை பர்னஸ் மேடைக்குப் பத்தடி தூரத்துக்குக் கொண்டுவருவது, அனலை மறைக்க ஒரு அலுமினியத் தகட்டுத் தடுப்பு, ஒவ்வொரு ஹீட்டுக்கும் நடுவில் ஆள் மாற்றி 15 நிமிட ஓய்வு, லீவு முடிந்து வருபவருக்கு நான்கு நாள் பாதி வேலை. முகத்துக்கு நேரே பெரிய ஃபேன் இருக்கிறதே என்பார்கள். ஃபேன் அனலைத் தடுக்காது. காற்றே 40-க்கு மேல் போனால் அது இன்னும் சூட்டைத்தான் அள்ளி வீசும். ஒரு ஹீட் குறைந்தால் நஷ்டம் என்பார்கள். தளர்ந்த ஆள் ஈரமான பழைய இரும்பைக் கவனிக்காமல் பர்னஸில் போட்டால் வெடிக்கும் என்று அவருக்கும் தெரியும், உங்களுக்கும் தெரியும். எதுவும் நடக்கவில்லை என்றால் தொழிலகப் பாதுகாப்பு மற்றும் சுகாதார இயக்ககத்தில் புகார் கொடுக்கலாம். புகார் கொடுத்தவர் யார் என்பதை ஆய்வாளர் வெளியே சொல்லக்கூடாது என்பது தொழிற்சாலைகள் சட்டத்திலேயே இருந்த விதி.

இன்னொருவர் விழுந்தால்

உங்களை இழுத்த பையனுக்கு இதைப் படித்துக் காட்டுங்கள். சூட்டில் விழுந்தவர் உளறினாலோ, ஆள் அடையாளம் தெரியாமல் பேசினாலோ, வலிப்பு வந்தாலோ அது வெறும் மயக்கம் அல்ல, உயிர் போகிற சங்கதி. வியர்வை கொட்டிக்கொண்டிருந்தாலும் அப்படித்தான். தோல் வறண்டால்தான் ஆபத்து என்று நினைக்க வேண்டாம். முதலில் பர்னஸிலிருந்து நன்றாகத் தள்ளித் தூக்கிக்கொண்டு போங்கள், உருகிய உலோகத்துக்குப் பக்கத்தில் தண்ணீர் கொட்டினால் வெடிக்கும். தூக்கிப் போனதும் ஏப்ரனையும் சட்டையையும் கழற்றி, பக்கெட் பக்கெட்டாகத் தண்ணீர் ஊற்றி விசிறுங்கள். ஐஸ் கிடைத்தால் கழுத்து, அக்குள், தொடை இடுக்கு. ஒருவர் 108-க்குப் போன் செய்யட்டும், மற்றவர் ஊற்றுவதை நிறுத்தக் கூடாது; வண்டி வரட்டும் என்று கையைக் கட்டி நிற்கும் அந்த இருபது நிமிடம்தான் மூளையைக் கெடுக்கும். நினைவில்லாதவர் வாயில் தண்ணீரோ சோடாவோ ஊற்றாதீர்கள். பாரசிட்டமால் இதற்கு வேலை செய்யாது.

மறு பரிசோதனை முடிவு வந்ததும் எழுதுங்கள், ஆல்புமின் எண்ணையும் சேர்த்து. தீபாவளிக்கு ஊருக்குப் போவீர்கள் அல்லவா, போகும் முன்பே சூப்பர்வைசரிடம் பேசி, திரும்பி வரும் முதல் நாலு நாளுக்கு உங்களுக்கு மாற்று ஆள் யார் என்று முடிவு செய்துவிட்டுப் பஸ் ஏறுங்கள்.